ருக்குமணி அக்கா வெட்டாத வால்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எங்கள் ஆய்வுக்கூடத்தில் யாராவது உங்களிடம் போட்டுக்கொடுத்துவிடுவார்கள். தண்ணீர்க் குழாயை மூடாமல் போனால் கத்துவேன், ஃப்ரீசர் கதவை ஒருக்களித்து விட்டால் கத்துவேன். கத்திவிட்டு ஐந்து நிமிடத்தில் மறந்தும்விடுவேன். வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் அவ்வளவு சீக்கிரம் மறப்பதில்லை என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. என்னிடம் அதிகமாக வாங்கிக் கட்டிக்கொண்டவர் ருக்குமணி அக்கா. நான் அதிகமாக நன்றி சொல்ல வேண்டியவரும் அவர்தான். அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அக்காவுக்கு வயது நாற்பத்தெட்டு. என்னைவிட ஐந்து வயதுதான் மூத்தவர். வீடு பாகான் டாலாமில். காலை ஆறே முக்காலுக்கு மோட்டார் சைக்கிளோடு ஃபெர்ரியில் ஏறிப் பினாங்குத் தீவுக்கு வந்து, எட்டு மணிக்கு நான் வரும்போது வெள்ளைக் கோட்டு மாட்டி, மீன் தொட்டிகளுக்குக் காற்றுக் குழாயெல்லாம் சரிபார்த்து, எனக்கும் சேர்த்துக் காப்பி கலக்கி வைத்திருப்பார். ஒரு நாள் தாமதமாக வந்ததில்லை. ஃபெர்ரி நின்றுபோன நாளில்கூடப் பாலத்தைச் சுற்றி வந்து சேர்ந்துவிட்டு, "ஃபெர்ரி ரோசாக் டாக்டர், அஞ்சு நிமிசம் லேட்டு" என்று மன்னிப்புக் கேட்ட ஆள்.

அதற்கு முன் இருபத்தாறு வருடம் பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் வேலை. தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பி சில்லில் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிற வேலை. ஃபேக்டரியை மூட்டை கட்டி வேறு நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். நாற்பத்துநாலு வயதில் அக்கா எங்கள் பல்கலைக்கழகத்துக்கு உதவியாளர் வேலை கேட்டு வந்தார். நான்தான் நேர்காணல் செய்தேன்.

"மீனைப் பத்தி என்னக்கா தெரியும்?"

"ஆஞ்சு கொழம்பு வைக்கத் தெரியும் டாக்டர்."

எனக்குச் சுருக்கென்றது. கிண்டல் செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, தெரிந்ததைத்தான் சொன்னார். சரி, கையாவது எப்படி என்று பார்ப்போம் என்று, அரிசி அளவுள்ள துடுப்புத் துண்டுகளைக் கலந்து வைத்து, வகை பிரிக்கச் சொல்லி மைக்ரோஸ்கோப்பைக் காட்டினேன். நான் அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும் வேலையை ஒன்பது நிமிடத்தில் முடித்து, ஒரு துண்டைத் தனியே தள்ளி வைத்து, "இது வேற மீனு. ஓரம் வேற மாரி இருக்கு" என்றார். உண்மைதான். அது வேறு மீனுடையது. அன்றே வேலைக்கு எடுத்துக்கொண்டேன்.

என் ஆராய்ச்சி சண்டை மீனைப் பற்றியது. செல்ல மீன் கடையில் போத்தலில் விற்கிற கலர் மீன் இல்லை. இது பினாங்கு மலை ஓடைகளில் தானாக வாழ்கிற பழுப்பு நிற மீன். விரல் நீளம் இருக்கும். திரும்பும்போது செவுளில் ஒரு பச்சை மின்னும், அவ்வளவுதான் அழகு. ஆனால் இதனிடம் ஒரு விசேஷம் உண்டு. பெட்டை முட்டை போட்டதும் ஆண் அத்தனையையும் வாயில் வாங்கிக்கொள்ளும். பத்துப் பன்னிரண்டு நாள் வாய்க்குள்ளேயே வைத்துக் குஞ்சு பொரிக்கும். அதுவரை தகப்பனுக்குச் சாப்பாடு கிடையாது. வாயைத் திறந்தால் பிள்ளை போய்விடுமே.

முதல் வாரம் இதைச் சொன்னபோது அக்கா தொட்டிக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தார்.

"அட, தாயுமானவரு!"

அன்றிலிருந்து எங்கள் ஆய்வுக்கூடத்தில் வாய் நிறைந்த ஆண் மீனுக்குப் பெயர் தாயுமானவர் என்றாகிவிட்டது. பக்கத்து அறைச் சீனப் பேராசிரியர்கூட உள்ளே எட்டிப் பார்த்து, "தாயுமானா ஓக்கே ஆ?" என்று விசாரிப்பார்.

அக்கா அந்தப் பெயரைச் சும்மா வைக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் கணவர் சுகுமாரன் லாரி ஓட்டியவர். மகள் ஷர்மினிக்கு ஒரு வயது ஆவதற்குள், கெப்பாலா பத்தாஸ் பக்கம் ஒரு விபத்தில் கால் நொறுங்கிவிட்டது. லாரி அத்தோடு போயிற்று. அக்கா நைட் ஷிஃப்ட் எடுத்துக்கொண்டார், அதில்தான் அலவன்ஸ் கிடைக்கும். பிள்ளைக்குப் பால் காய்ச்சியது, குளிப்பாட்டியது, தலை பின்னியது, பள்ளிக்கூடம் கூட்டிப்போனது எல்லாம் சுகுமாரன் அண்ணன். பதினோரு வருடம். "பொண்டாட்டி சம்பாத்தியத்துல உக்காந்து திங்கிறான்" என்று சொந்தக்காரர்கள் காது படவே சொன்னார்களாம். அவர் காதில் வாங்கவில்லை. ஷர்மினி இப்போது நர்சிங் படிக்கிறாள்.

"அப்ப உங்க வீட்டுலயும் ஒரு தாயுமானவரு இருக்காருன்னு சொல்லுங்க" என்றேன்.

"ஐயே, நீங்க வேற. இவரு என்ன பட்டினியா கெடந்தாரு? மூணு வேளையும் நல்லாத் தின்னாரு லா" என்று சிரித்தார். காது மட்டும் சிவந்துவிட்டது.

இனி வேலைக்கு வருகிறேன். தண்ணீர்மலைக்குப் பின்புறக் காட்டில் ஒரு ஓடை இருக்கிறது. மேலே குளிர்ந்த வேகத் தண்ணீர். அதே ஓடை கீழே இறங்கி வந்து, வீட்டு வரிசைக்குப் பின்னால் லோங்காங் என்கிற சிமெண்டு வடிகாலில் வெதுவெதுப்பாக மெதுவாக ஓடும். இரண்டு இடத்திலும் இதே மீன் உண்டு. மேல் மீன் ஒல்லி, கீழ் மீன் தடித்தது. இரண்டும் வேறு வேறு வம்சமா, இல்லை ஒரே வம்சம் தண்ணீருக்குத் தக்கபடி மாறியிருக்கிறதா? இதுதான் என் கேள்வி.

முதல் வருடம் மரபணுவை மட்டும் பார்த்தோம். மீனைப் பிடித்து, கிராம்பு எண்ணெய் சில சொட்டு விட்ட வாளியில் போட்டால் மயங்கிவிடும். வால் துடுப்பு ஓரத்தில் ஒரு சின்னத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, மயக்கம் தெளிந்ததும் ஓடையில் விட்டுவிடுவோம். துடுப்பு சில வாரத்தில் வளர்ந்துவிடும். ஒரு முறை மீன் துள்ளியதில் அக்கா தவறிப்போய் வேறு துடுப்பை வெட்டிவிட்டுப் பதறினார். நான்தான் பெரிய மனதோடு சொன்னேன்: "விடுங்கக்கா. எங்க வெட்டினாலும் மரபணு ஒண்ணுதான்." இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் வாயிலிருந்து வந்தது.

மரபணு முடிவு வந்தது. மேல் மீனும் கீழ் மீனும் ஒரே வம்சம், வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். அப்படியானால் உடம்பு ஏன் வேறு? அடுத்த வருடம் எபிஜெனெட்டிக்ஸுக்குப் போனோம். அதாவது மரபணு எழுத்து மாறாமலே, எது வேலை செய்ய வேண்டும், எது சும்மா கிடக்க வேண்டும் என்று அதன்மேல் ஏறுகிற அடையாளங்களைப் பார்ப்பது. கீழ் ஓடையில் நாற்பது ஆண் மீன்களில் வால் துண்டு எடுத்தாயிற்று. மேல் ஓடைக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது எனக்கு டெங்கி வந்துவிட்டது.

காட்டிலாகா கொடுத்த அனுமதி அந்த வாரத்தோடு முடிகிறது. நான் ஆஸ்பத்திரியில் கை நிறைய ஊசியோடு கிடந்தேன். "நீங்க படுங்க டாக்டர், நாங்க பாத்துக்கிறோம்" என்று அக்காவும் வேன் ஓட்டுகிற ஜெயராஜ் அண்ணனும் போனார்கள். இரண்டு நாள் மழையில், அட்டைக்கடியில், நாற்பது மீன். நான் வீடு திரும்பியபோது நாற்பது குப்பிகளும் ஃப்ரீசரில் வரிசையாக நின்றன. படிவத்தில் நாற்பது வரியிலும் "வால்" என்ற கட்டத்தில் டிக்.

ஆறு மாதம் கழித்து முடிவு வந்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்து குதித்தேன் என்றால் நம்புங்கள். மேல் மீனுக்கும் கீழ் மீனுக்கும் அடையாளங்களில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். ஒரே வம்சம், இரண்டு தண்ணீர், இரண்டு விதமான அடையாளம். இதைவிட ஒரு ஆய்வாளருக்கு என்ன வேண்டும்? அந்தத் திங்கட்கிழமை நிதிக்குழு முன்னால் நான் பேச வேண்டியிருந்தது. அவர்கள் தலையாட்டினால் மூன்று வருடத்துக்குப் பணம். இல்லாவிட்டால் டிசம்பரோடு என் ஒப்பந்தமும் முடியும், அக்காவின் ஒப்பந்தமும் முடியும். இந்த முடிவைக் காட்டினால் தலையாட்டாமல் எங்கே போவார்கள் என்று இருந்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அக்காவைக் கேன்டீனுக்கு இழுத்துக்கொண்டு போய்த் தே தாரிக் வாங்கிக் கொடுத்தேன். தான் எதற்கு உழைத்தோம் என்று அவருக்கும் தெரிய வேண்டாமா? உண்மையில் அதை எப்போதோ சொல்லியிருக்க வேண்டும்.

"சமையல் புஸ்தகம் ஒண்ணு இருக்குன்னு வச்சுக்குங்க. அதே புஸ்தகம்தான் ரெண்டு வீட்டுலயும் இருக்கு. ஒரு வீட்டுல கொழம்புப் பக்கத்துல கிளிப் போட்டு மூடி வச்சிருக்காங்க. இன்னொரு வீட்டுல பலகாரப் பக்கத்துல. புஸ்தகம் ஒண்ணு, சமையல் வேற. மீனுக்குள்ளயும் அப்படித்தான். தண்ணிக்கு ஏத்த மாரி கிளிப் மாறியிருக்கு."

அக்காவுக்கு உடனே பிடிபட்டது. "ஓ, அப்ப அதே மீனுக்குள்ள, கண்ணுக்கும் செதிலுக்கும்? அதுக்கும் புஸ்தகம் ஒண்ணுதான?"

"கரெக்ட்! ஆனா கிளிப் வேற வேற. அதான் கண்ணு கண்ணா இருக்கு, செதிலு செதிலா இருக்கு."

அக்கா கோப்பையில் கரண்டியைச் சுற்றிக்கொண்டே கேட்டார். "வால் துடுப்புக்கும் பக்கத் துடுப்புக்கும்?"

"அதுவும் வேறயாத்தான் இருக்கும். அதனாலதான் எல்லாத்துலயும் வாலு மட்டும் எடுத்தோம்" என்றேன் பெருமையாக.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு "ஃபெர்ரிக்கு நேரமாச்சு டாக்டர்" என்று எழுந்து போய்விட்டார். கோப்பையில் பாதித் தேநீர் அப்படியே இருந்தது. சொட்டு மிச்சம் வைக்காத ஆள். நான் அதைப் பார்த்தேன், ஆனால் அன்றைய சந்தோஷத்தில் எதுவும் தோன்றவில்லை.

மறுநாள் காலை நான் வந்தபோது காப்பி கலக்கவில்லை. அக்கா என் அறை வாசலில் நின்றார். கையில் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கிற மாதிரி, பின்னட்டையில் வாய்ப்பாடு போட்ட ஒரு நோட்டுப் புத்தகம். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"டாக்டர், லைன நிறுத்தணும்."

"என்னக்கா?"

"மேல் ஓடையில நான் வாலு வெட்டல. நாப்பதும் பக்கத் துடுப்பு."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. நாற்பது மேல் மீனுக்கும் பக்கத் துடுப்பு, நாற்பது கீழ் மீனுக்கும் வால். நான் குதித்துக் கொண்டாடிய வித்தியாசம் தண்ணீருடையதா, துடுப்புடையதா என்று இனி எந்தச் சாமி வந்தாலும் சொல்ல முடியாது. வாயைத் திறந்தேன். அன்று நான் பேசியதில் பாதியை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது.

"படிவத்துல வால்னு டிக் பண்ணியிருக்கீங்களே, எப்படிக்கா பண்ணுனீங்க?"

"போராங்குல வேற கட்டம் இல்ல டாக்டர். வாலு மட்டும்தான் இருந்துச்சு."

அந்தப் படிவத்தைத் தயாரித்தது நான்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல!"

"காட்டுல போன் லைன் கிடைக்கல. கீழ வந்து கூப்பிடலாம்னா, உங்களுக்குப் பிளேட்லெட் இருபதாயிரம்னாங்க. எப்படிக் கேப்பேன்?" அக்காவின் குரல் உடைந்தது. "எங்க வெட்டினாலும் ஒண்ணுதான்னு நீங்க சொன்னீங்களே டாக்டர்."

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூக்குக்கு மேலே இருக்கிறதே, அது விடுமா? "இருபத்தாறு வருசம் ஃபேக்டரியில என்னதான் கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா என்னை நேராகப் பார்த்தார்.

"ஒரு லாட்டு சரக்கு தப்புன்னு தெரிஞ்சா லைன நிறுத்தணும்னு கத்துக்கிட்டேன்."

நோட்டை என் மேசையில் வைத்தார். "இதுல எல்லாம் எழுதியிருக்கேன். வேற யார்கிட்டயும் சொல்லல, எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொன்னேன். புஸ்தகம் உங்ககிட்டயே இருக்கட்டும்." சொல்லிவிட்டுக் குப்பி கழுவப் போய்விட்டார்.

கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன், அந்தக் கெட்ட நினைப்பு எனக்கு வந்தது. படிவத்தில் வால் என்றுதான் இருக்கிறது. இந்த நோட்டு ஒன்றுதான் சாட்சி, அதுவும் என் கையில். திங்கட்கிழமை பேசிவிட்டுப் பிறகு மெதுவாகச் சரிசெய்துகொள்ளலாம். அக்காவும் வாயைத் திறக்க மாட்டார், அதனால்தானே புத்தகத்தை விட்டுவிட்டுப் போனார். இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டே நோட்டைத் திறந்தேன்.

முதல் பக்கத்தில் குண்டு குண்டான தமிழ் எழுத்து. இது வரிக்கு வரி எனக்கு மனப்பாடம்:

"மீன் 1. கிராம்பு எண்ணெய் வாளியில் போட்டேன். மயக்கத்தில் வாய் திறந்துகொண்டது. முட்டை எல்லாம் கொட்டிவிட்டது. 34. வாலை வெட்டவில்லை. மீனையும் முட்டையையும் சேர்த்துக் குட்டையில் விட்டேன். கால் மணி நேரம் நின்று பார்த்தேன். அது திரும்பி எடுக்கவில்லை. ஜெயராஜ் அண்ணன் பாவம் என்றார். இனி எண்ணெய் வேண்டாம். எண்ணெய் இல்லாமல் வாலை வெட்டினால் துள்ளும், துள்ளினாலும் துப்பும். தண்ணீருக்குள்ளேயே வலையில் பிடித்தபடி பக்கத் துடுப்பில் சின்னதாக வெட்டலாம். எது முட்டை வைத்திருக்கிறது எது இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அதனால் எல்லாவற்றுக்கும் அப்படியே."

அதன்பின் நாற்பது வரி. "மீன் 2, பக்கத் துடுப்பு, வலது. துப்பவில்லை." "மீன் 3, பக்கத் துடுப்பு, வலது. துப்பவில்லை." நாற்பத்தொன்று வரை. ஒரு மீன்கூடத் துப்பவில்லை. கடைசி வரிக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு எழுதியிருந்தார்: "தண்ணீர்மலை முருகா, டாக்டர் தனுஜாவுக்கு ரத்தம் ஏற வேண்டும். நல்லபடியாக வீட்டுக்கு வர வேண்டும்."

தேம்பித் தேம்பி அழுதேன். நான் அழுதால் சத்தமாகத்தான் அழுவேன். அக்கா ஈரக் கையோடு ஓடி வந்து கதவைத் தட்டினார். திறந்து, "மன்னிச்சுருங்கக்கா" என்றேன். அவர் கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டே, "காப்பி கலக்கட்டுமா டாக்டர்?" என்றார்.

திங்கட்கிழமை ஏழு பேர் முன்னால் நின்று முதல் படத்தைப் போட்டதும் சொன்னேன். இந்த முடிவை நம்ப முடியாது, தவறு இங்கே நடந்தது, படிவம் என்னுடையது, சொல்லிக்கொடுக்காமல் விட்டவளும் நான். இரண்டு ஓடையிலும் மறுபடி மீன் பிடித்து, விட்டுப்போன துடுப்பையும் எடுத்துப் பார்த்தால் தண்ணீரால் வந்தது எவ்வளவு, துடுப்பால் வந்தது எவ்வளவு என்று பிரித்துவிடலாம். ஒருவர் கேட்டார், இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று. "எங்கள் உதவியாளர் வந்து சொன்னார்" என்றேன். மூன்று வருடம் கேட்ட இடத்தில் ஒரு வருடம் கொடுத்தார்கள். அக்காவின் சம்பளமும் அதில் இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டுதான் வெளியே வந்தேன்.

கீழ் ஓடையில் அப்போது எந்த மீன் வாயிலும் முட்டை இல்லை, வேலை சுலபமாக முடிந்தது. லோங்காங்கில் இறங்கி ஒரே சனிக்கிழமையில் நாற்பது பிடித்து, வால் ஒன்று பக்கத் துடுப்பு ஒன்று எடுத்தோம். மேல் ஓடைதான் சிக்கல். அங்கே இப்போது வால் வேண்டும். வால் வேண்டுமென்றால் கிராம்பு எண்ணெய் வேண்டும். எண்ணெயில் போட்டால் தாயுமானவர் பிள்ளையைத் துப்பிவிடுவார்.

அக்கா கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

"வாயில முட்டை இருக்கிறதுக்குக் கத்தரிக்கோலே கிடையாது. சந்தேகமா இருந்தாலும் கிடையாது. நாலு தடவை வந்தாலும் பரவாயில்ல" என்றேன்.

காட்டிலாகாவிடம் புது அனுமதி வாங்கிக்கொண்டு, நாலு தடவைதான் போனோம். பிடித்த ஒவ்வொரு மீனையும் தண்ணீரோடு கண்ணாடிப் பையில் விட்டு, வெளிச்சத்தில் தூக்கித் தொண்டையைப் பார்ப்போம். உப்பியிருந்தால் அப்படியே ஓடைக்கு. அக்கா பார்த்துச் சொல்வதுதான் தீர்ப்பு. தங்கக் கம்பி பார்த்த கண் அது. படிவத்தில் இப்போது "வால்" பக்கத்தில் "வேறு துடுப்பு", "வெட்டவில்லை" என்று இரண்டு கட்டமும், "காரணம்" என்று ஒரு நீளக் கட்டமும் வைத்திருந்தேன்.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் குதித்த வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு துடுப்பால் வந்தது. மீதி ஒரு பங்கு நிஜமாகவே தண்ணீரால் வந்தது. சின்ன வித்தியாசம்தான், ஆனால் யார் வந்து உலுக்கினாலும் நிற்கும். அன்று அக்கா பேசாமல் இருந்திருந்தால், நான் ஊர் ஊராகப் போய் ஒரு பொய்யைப் பேசிக்கொண்டிருந்திருப்பேன், அதுவும் பொய் என்றே தெரியாமல். கட்டுரை வெளிவந்தது. ஆசிரியர்கள் பெயரில் இரண்டாவது பெயர் ருக்குமணி சுகுமாரன். அதற்கப்புறம் நிதியை இரண்டு வருடம் நீட்டினார்கள்.

ஆனால் எனக்கு ஞாபகத்தில் நிற்பது அந்த நாலாவது தடவைதான். அன்று சுகுமாரன் அண்ணனும் காலை இழுத்து இழுத்து, ஜெயராஜ் அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு, மேலே ஏறி வந்துவிட்டார். "மூணு தடவ சோறு தாப்பாவ் கட்டிக் குடுத்தேன், அப்படி என்ன மீனுதான் இதுன்னு பாக்க வேணாமா?" என்றார்.

நாற்பதாவது மீனுக்கு வால் எடுத்தாயிற்று. வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். "டாக்டர், சத்தம் போடாதீங்க" என்றார் அக்கா. நான் சத்தம் போடுவேன் என்பது அவருக்குத் தெரியும். குட்டை ஓரத்தில், ஊறிய இலைகளுக்கு மேலே ஒரு தாயுமானவர் நின்றார். தொண்டை உப்பி, விலா ஒட்டிப்போய்க் கிடந்தது. காலையில் பிடித்து, பார்த்துவிட்டு விட்ட மீன்தான். வாய் மெல்லத் திறந்தது. கடுகளவு குஞ்சு ஒன்று வெளியே வந்தது. பிறகு ஒன்று. பிறகு ஐந்தாறாக, பத்துப் பத்தாக. நாங்கள் நாலு பேரும் பாறையில் குந்திக்கொண்டு மூச்சு விடாமல் பார்த்தோம்.

கடைசிக் குஞ்சும் இலைக்கு அடியில் போன பிறகு, அந்த மீன் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு மேலே வந்து, தண்ணீரில் கிடந்த ஒரு எறும்பை லபக்கென்று கவ்வியது.

"சாப்பிடுய்யா, சாப்பிடு" என்றார் அக்கா. சொல்லும்போதே கண்ணீர் வழிந்துவிட்டது.

சுகுமாரன் அண்ணன் திகைத்துப்போய், "ஏய், என்னாச்சு உனக்கு?" என்றார்.

அக்கா என்னைப் பார்த்துத்தான் பேசினார். "நான் நைட் ஷிஃப்ட் முடிச்சு வீட்டுக்கு வர்ற வரைக்கும் இவரு பசியாற மாட்டாரு டாக்டர். புள்ளைக்கு எல்லாம் செஞ்சு ஸ்கூலுக்கு அனுப்பிட்டு, எனக்காக உக்காந்திருப்பாரு. பதினோரு வருசம். மூணு வேளையும் தின்னாருன்னு உங்ககிட்ட சொன்னேன்ல, சும்மா சொன்னேன். இவருக்கு ஒரு நாளு நான் தேங்ஸ் சொன்னதில்ல."

"இப்ப என்ன, மீனுக்கு முன்னால சொல்லப் போறியா?" என்றார் அண்ணன். முகத்தை ஓடைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஆமா, சொல்றேன். தேங்ஸ்ங்க."

ஜெயராஜ் அண்ணன் அவசரமாக வாளியைக் கழுவப் போனார். மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், பெயரைப் போடப் போகிறேன், சம்பளத்துக்குச் சண்டை போட்டிருக்கிறேன். அந்த ஒரு சொல்லை நானும் அக்காவிடம் சொல்லியிருக்கவில்லை.

"அக்கா, நீங்க மட்டும் அன்னைக்கு லைன நிறுத்தலைன்னா நான் என்ன ஆகியிருப்பேன்னே தெரியல. ரொம்ப நன்றிக்கா" என்றேன்.

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு படிவத்தை எடுத்து, காலையில் அந்த மீனுக்கு எழுதிய வரியைக் காட்டினார். "வெட்டவில்லை" கட்டத்தில் டிக். காரணம் என்ற நீளக் கட்டத்தில் அதே குண்டு எழுத்தில்: "வாயில் பிள்ளைகள்." அதன் பக்கத்தில் இப்போது பேனாவைத் திறந்து சேர்த்தார்: "விட்டாச்சு. சாப்பிட்டார்."

சுகுமாரன் அண்ணன் பாறைமேல் பொட்டலங்களைப் பிரித்தார். சோறு, முட்டை சம்பல், முருங்கைக்கீரை, அப்பளம். அக்கா முதல் பொட்டலத்தை எடுத்து அண்ணன் மடியில் வைத்துவிட்டு, அடுத்ததை என்னிடம் நீட்டினார்.

"சாப்பிடுங்க டாக்டர், ஆறிடும்."